குழுச் சீட்டில் வந்தவர்கள் சார்பாக

அனுப்புநர்:
அயல்நாட்டு ஆங்கில ஆசிரியை,
நடுநிலைப் பள்ளி ஒன்று, தென்கொரியா.

பெறுநர்:
நிர்வாகத்தார் அவர்கள்,
கேளிக்கைப் பூங்கா. (பெயர் எழுதவில்லை. கரடி வேடக்காரருக்கு ஒரு காது தொங்கும் பூங்கா என்றால் உங்களுக்கே புரியும்.)

பொருள்: எங்கள் மாணவர்களுக்கு நீங்கள் புகட்டிய கல்விக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

உங்கள் பூங்காவுக்கு நாங்கள் வந்ததை எங்கள் பள்ளிக் கோப்பில் சுற்றுலா என்று யாரும் எழுதுவதில்லை. 'கள அனுபவக் கற்றல்' என்றுதான் எழுத வேண்டும். கற்றல் என்று வந்துவிட்டால் பின்னாலேயே அறிக்கையும் வரும். மாணவர்கள் என்ன கற்றார்கள் என்று எழுத ஒரு கட்டம் விட்டிருக்கிறார்கள்; தீப்பெட்டி அளவுதான் இருக்கும். நீங்கள் அன்று கற்பித்தது அதற்குள் அடங்காது. ஆகவே நேராக உங்களுக்கே எழுதிவிடுவது மரியாதை என்று பட்டது.

தமிழில் எழுதுவதைப் பொறுத்தருள்க. கொரிய மொழியில் எனக்குச் சாப்பாடு வாங்கத் தெரியும், வழி கேட்கத் தெரியும், கோபித்துக்கொள்ளத் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதலாம்தான். ஆனால் நான் ஆங்கிலத்தில் எதை எழுதி வைத்தாலும் பள்ளியில் யாராவது அதை எடுத்து, 'பின்வரும் பத்தியைப் படித்து விடையளி' என்று வினாத்தாளில் சேர்த்துவிடுகிறார்கள். பரீட்சைத் தாளில் உங்கள் மானம் போவதை நான் விரும்பவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. பிறந்தது மதுரை, கையில் இருப்பது கனடாக் கடவுச்சீட்டு. ஆங்கிலம் பேசும் நாடுகளிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்துக் கொரிய அரசுப் பள்ளிகளில் அமர்த்தும் திட்டம் 1995இல் தொடங்கியது. அப்படி வரவழைத்தவர்களிடம் எதையும் முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது என்று அதில் ஒரு விதி இருக்கும்போல. பள்ளியில் ஒரு செய்தி முதலில் முதல்வருக்குத் தெரியும். பிறகு துணை முதல்வர், வகுப்பாசிரியர்கள், மாணவர்கள், மாணவர்களின் தாய்மார்கள், பேருந்து ஓட்டுநர்கள். எல்லாரும் அறிந்து முடித்த பிறகு நான். அன்று காலை ஒப்பீட்டு உரிச்சொற்கள் நடத்துவதற்காகக் குதிகால் உயர்ந்த செருப்போடு வந்து சேர்ந்தேன். மைதானத்தில் பேருந்துகள் நின்றன. "டீச்சர், ஏன் இந்தச் செருப்பு?" என்று மாணவிகள் பதறினார்கள். சுற்றுலா என்று அப்போதுதான் தெரிந்தது. நீளம், அதைவிட நீளம், எல்லாவற்றிலும் நீளம் என்று நான் நடத்தவிருந்த பாடத்தைப் பிற்பாடு உங்கள் வரிசைகள் நடத்திவிட்டன. அதற்கு முதல் நன்றி.

புறப்படுமுன் காவலர்கள் வந்து ஓட்டுநர்கள் ஒவ்வொருவரையும் மது சோதனைக் கருவியில் ஊதச் சொன்னார்கள். பிறகு பேருந்துக்குள் ஒரு காணொளி: இருக்கைப் பட்டையை எப்படிப் போடுவது, தீயணைப்பான் எங்கே இருக்கிறது, கண்ணாடியை உடைக்கும் சுத்தியலை எப்படிப் பிடிப்பது. வகுப்பாசிரியையின் மடியில் ஒரு கோப்பு. அதில் முன்னதாகவே உங்கள் இடத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போனதற்கான அறிக்கை, ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பட்டியல், பெற்றோர் கையொப்பங்கள், அருகிலுள்ள மருத்துவமனையின் தொலைபேசி எண்.

இவற்றை நான் கிண்டல் செய்யப்போவதில்லை. 2014 ஏப்ரல் 16 அன்று ஜெஜு தீவுக்குப் போய்க்கொண்டிருந்த சேவோல் கப்பல் கவிழ்ந்து 304 உயிர்கள் போயின. அவர்களில் 250 பேர் ஆன்சான் நகரத்து டான்வோன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து சுற்றுலா கிளம்பிய மாணவர்கள். அந்தப் பருவத்தில் மிச்சமிருந்த பள்ளிச் சுற்றுலாக்கள் நாடு முழுக்க நிறுத்தப்பட்டன. அதன் பிறகு சேர்ந்த காகிதங்களில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. எனக்குக் கண்ணில் பட்டது வேறு. எங்கள் பக்கம் இரண்டு விரல்கடைத் தடிமனில் ஒரு கோப்பு. உங்கள் பக்கம் ஒரே ஒரு ரசீது. 'குழுச் சீட்டு, நடுநிலைப் பள்ளி, பணம் திருப்பித் தரப்படாது.'

போகும் வழியில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் கால்மணி நேரம் நிறுத்தினார்கள். உப்புத் தூவிய குட்டி உருளைக்கிழங்கு வறுவல், வால்நட் பருப்பு வைத்த சூடான உருண்டை கேக், சாஸேஜும் அரிசிக் கேக்கும் மாறி மாறிக் கோத்த குச்சி. பிள்ளைகள் ஓடினார்கள், வாங்கினார்கள், ஒருவர் கையிலிருந்ததை ஒருவர் பிடுங்கித் தின்றார்கள், கத்தினார்கள், சிரித்தார்கள். அடுத்த வாரம் 'சுற்றுலாவில் எனக்கு மிகவும் பிடித்தது' என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னபோது வகுப்பில் பாதிப் பேர் இந்த ஓய்விடத்தைத்தான் எழுதினார்கள். ஒரு பையன் உங்கள் பூங்காவைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தான்: அங்கே கழிப்பறை சுத்தமாக இருந்தது. உங்கள் விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம். நான் அனுமதி வாங்கித் தருகிறேன்.

வாசலில் உங்கள் பெரிய சுவரொட்டி வரவேற்றது. லட்சம் விளக்குகள் மின்னும் துலிப் தோட்டம், வாணவேடிக்கை, நியான் ஒளியில் சுழலும் ராட்டினம். எல்லாம் இரவுக் காட்சி. பள்ளிக் குழுக்கள் பிற்பகல் மூன்று மணிக்குப் பேருந்தில் ஏறிவிட வேண்டும் என்பது உங்கள் அலுவலகத்துக்கே தெரிந்த விஷயம். நேர அட்டவணையை அனுப்பியவர்களே நீங்கள்தான். பகலில் நாங்கள் பார்த்தது மின்கம்பிகளைச் சுற்றிக்கொண்டு நின்ற துலிப் செடிகளை. ஒரு மாணவி கம்பியைப் பூ என்று நினைத்துப் படம் எடுத்தாள். அன்றைக்கு மஞ்சள் தூசி வேறு. வானம் பழைய துணி நிறத்தில் இருந்தது. தூசிக்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அது கோபிப் பாலைவனத்திலிருந்து வருவது, உங்களைவிட ஒழுங்காகக் குறித்த பருவத்தில் வந்து சேர்கிறது.

உள்ளே போனதும் பலகைகள். 'பரிசோதனையில் உள்ளது.' பெரிய ரோலர் கோஸ்டர் பரிசோதனையில். நீர்ச்சறுக்குப் படகு பரிசோதனையில். கோபுரத்திலிருந்து விழும் ராட்டினம் பரிசோதனையில். ஆனால் பரிசோதிக்க அங்கே ஓர் ஆள்கூட இல்லை. பலகையின் சட்டத்தில் துரு பிடித்திருந்தது. எங்கள் பள்ளியில் தேர்வு முடிந்ததும் மாணவர்களுக்கு விடுதலை. உங்கள் ராட்டினங்களுக்குத் தேர்வே முடிவதில்லை என்பதைப் பார்த்து, இடைப்பருவத் தேர்வை முடித்துவிட்டு வந்திருந்த பிள்ளைகள் உள்ளபடியே இரக்கப்பட்டார்கள்.

ஓடிக்கொண்டிருந்தவை வைக்கிங் கப்பல், குதிரை ராட்டினம், ஒரு சின்ன கோஸ்டர். அன்று வந்திருந்த பள்ளிகள் எல்லாம் அந்த மூன்றின் முன்னால் நின்றன. வரிசையில் நிற்பது கொரியர்களுக்குப் புதிதில்லை. எவர்லேண்ட் பூங்காவில் 2008இல் திறந்த டி-எக்ஸ்பிரஸ் என்ற மரக் கோஸ்டருக்கும் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். ஆனால் அது 56 மீட்டர் உயரம், 77 பாகைச் சரிவு, மணிக்கு 104 கிலோமீட்டர் வேகம். நின்றதற்கு ஒரு பலன் உண்டு. அதே பூங்காவின் நீர்ச் சவாரியில் வரிசையை மகிழ்விக்க ஊழியர்கள் ராப் பாடி ஆடுவார்கள். 2022இல் அங்கே ஓர் இளம்பெண் ஊழியர் கண்ணில் உயிரே இல்லாமல், வாயில் மட்டும் மின்னல் வேகத்தோடு பாடிய காணொளி நாடெங்கும் பரவியது. உங்கள் வைக்கிங் கப்பலை இயக்கிய இளைஞரிடமும் அந்தக் கண்கள் இருந்தன. பாட்டுத்தான் இல்லை. இன்சொன் பக்கம் வோல்மிடோவில் டிஸ்கோ பாங்பாங் என்று ஒரு சுழல்தட்டு இருக்கிறது. ஏறுகிறவர்களை ஒலிபெருக்கிக்காரர் மானாவாரியாகக் கேலி செய்வார், அதற்காகவே காசு கொடுத்து ஏறுவார்கள். அந்த அளவு உபசாரத்தைக்கூட நாங்கள் எதிர்பார்க்கவில்லை. "இன்னும் எவ்வளவு நேரம்?" என்ற கேள்விக்கு ஒரு தலையசைப்பு போதுமாயிருந்தது.

வரிசை நகராததற்குக் காரணம் பக்கத்து வாசலில் இருந்தது. கூடுதல் பணம் கட்டினால் வரிசையில் நிற்காமல் ஏறலாம் என்று நீங்கள் விற்கும் சீட்டு. நாட்டின் பெரிய பூங்காக்கள் எல்லாம் இப்படி விற்கின்றன என்பது தெரியும். முறையா இல்லையா என்று இங்கே நெடுநாள் வாக்குவாதமும் நடக்கிறது. உங்கள் ஏற்பாட்டில் நான் வியந்தது அதன் கல்விப் பயன். சமூகவியல் ஆசிரியர் ஒரு பருவம் முழுக்கப் படம் வரைந்து விளக்குவதைப் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு கம்பித் தடுப்புகளைக் கொண்டு விளக்கிவிட்டீர்கள். இடது தடுப்பில் நிற்பவன் நிற்கிறான். வலது தடுப்பில் வருபவன் ஏறுகிறான். வலது தடுப்பில் யாரும் வராதபோது இடது தடுப்பு ஓர் அடி நகர்கிறது. பள்ளிக் குழுவுக்கு அந்தச் சீட்டை விற்பதே இல்லையாம். எங்கள் வகுப்பின் பணக்காரப் பையன் முயன்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் எல்லாருக்கும் நண்பனாக இருந்தான்.

வலது தடுப்பில் வந்தவர்கள் பெரும்பாலும் பள்ளிச் சீருடையில் இருந்தார்கள். இதை வெளிநாட்டுத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டும். இங்கே இருபது, இருபத்தைந்து வயதுக் காதலர்கள் கேளிக்கைப் பூங்காவுக்குப் போகும்போது வாடகைக் கடையில் பழைய பள்ளிச் சீருடை எடுத்து உடுத்திக்கொள்வது ஒரு மோகம். சியோலில் ஜாம்சில் பகுதியில், 1989இல் திறந்த லொட்டே வேர்ல்ட் பூங்காவைச் சுற்றி இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. பூனைக்காது வைத்த தலைப்பட்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு, தொலைத்த பள்ளிப் பருவத்தைப் படம் எடுத்துக்கொள்வார்கள். நிஜமான பள்ளிப் பிள்ளைகளோ உடற்பயிற்சி உடையில் வருவார்கள். சீருடையில் போக யாருக்கு ஆசை? ஆக, உங்கள் பூங்காவில் மாணவர்போலத் தோன்றியவர்கள் வரிசையைத் தாண்டி ஏறினார்கள், மாணவர்கள் நின்றார்கள்.

எங்கள் வகுப்பாசிரியை மணிக்கொரு முறை தலை எண்ணினார். பன்னிரண்டு மணி எண்ணிக்கையில் இரண்டு பேர் அதிகம் வந்தார்கள். குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கோப்பில் நான்கு பக்கம் இருக்கிறது. கூடினால் என்ன செய்வது என்று எங்கும் எழுதவில்லை. மறுபடி எண்ணினார். மறுபடியும் இரண்டு அதிகம். பக்கத்தில் குளிர்பானம் குடித்துக்கொண்டு நின்ற சீருடை ஜோடி ஒன்றையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தார். அந்த இளைஞருக்குத் தாடி இருந்தது. வாடகைச் சீருடை எங்கள் பள்ளிச் சீருடையை அச்சாக ஒத்திருந்தது. எங்கள் பிள்ளைகள் சீருடையில் வரவில்லை என்பதே மறந்துபோன பதற்றத்தில் தாடி யார் கண்ணுக்குத் தெரியும்?

அந்தப் பதற்றத்தைப் பற்றிச் சிரிக்க முடியாது. 2022 நவம்பரில் சோக்சோ நகரத்துக் கேளிக்கைப் பூங்கா ஒன்றின் வாகன நிறுத்துமிடத்தில், இதே கள அனுபவக் கற்றலுக்கு வந்த தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒன்று பேருந்து மோதி இறந்தது. 2025 பிப்ரவரியில் சுன்சொன் மாவட்ட நீதிமன்றம் வகுப்பாசிரியரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, சிறைத்தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பள்ளிகள் வெளியே போவதையே விட்டுவிட்டன. போகிற பள்ளிகளில் ஆசிரியர்கள் எங்கள் வகுப்பாசிரியையைப்போலப் போகிறார்கள். காலையில் பேருந்தில் கொடுத்த கிம்பாப் சோற்றுச் சுருளை அவர் மாலை வரை பிரிக்கவில்லை. ஒரு ராட்டினத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிள்ளைகளின் முதுகுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுப்பு முழுவதும் அவர் தலையில்; மகிழ்ச்சிக்குப் பொறுப்பேற்பதாக அன்றைக்குக் காசு வாங்கிய ஒரே தரப்பு நீங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குக் குழுக் கூப்பன். டொன்காட்ஸு என்று பெயரிட்ட அந்தப் பன்றியிறைச்சி வறுவலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கத்தி கொடுக்கவில்லை, கரண்டி கொடுத்தீர்கள். அதற்கு அது போதுமானதாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் சைவம் என்றதும் உங்கள் ஊழியர் பெருந்தன்மையோடு இறைச்சியை எடுத்துவிட்டு, அதன் சாற்றில் கிடந்த முட்டைக்கோஸை எனக்கு வைத்தார்.

திரும்பும் வழியில் கணக்கில் கெட்டிக்காரியான ஒரு பெண் கைப்பேசியில் கணக்குப் போட்டாள். சீட்டு 24,000 வொன். வைக்கிங் மூன்று நிமிடம், குதிரை ராட்டினம் இரண்டு, சின்ன கோஸ்டர் ஒன்று. நிமிடத்துக்கு 4,000 வொன். கணினி விளையாட்டுக் கடையில் ஒரு மணி நேரம் 1,500 வொன். இதே பணத்துக்குப் பதினாறு மணி நேரம் விளையாடலாம். பேருந்தே மௌனமாகிவிட்டது. பின்னிருக்கைப் பையன் ஒருவன், "ஹாக்வோன்கூட இதைவிட மலிவு" என்றான். ஹாக்வோன் என்றால் இங்கே தனிப்பயிற்சிக் கூடம்.

அவன் சொன்னதில்தான் எனக்கு இந்த யோசனை வந்தது. தென்கொரியப் பெற்றோர் 2024இல் பள்ளிப் பிள்ளைகளின் தனிப்பயிற்சிக்குச் செலவிட்டது 29.2 லட்சம் கோடி வொன் என்று அரசுக் கணக்கு. இவ்வளவு பெரிய சந்தை வாசலில் இருக்க, நீங்கள் ஏன் இன்னும் கேளிக்கை என்ற பெயரில் சிரமப்படுகிறீர்கள்? ஹாக்வோனாகப் பதிவு செய்துவிடுங்கள். காத்திருத்தல், கேள்வி கேளாமை, அடுத்தவன் முந்திப் போவதைச் சிரித்த முகத்தோடு பார்த்தல்: மூன்று பாடங்களுக்கும் உங்களிடம் ஆசிரியர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். சியோலில் ஹாக்வோன்கள் இரவு பத்து மணிக்கு மூட வேண்டும் என்று விதி. அங்கே கிளை திறந்தால் விளக்குத் திருவிழாவைச் சீக்கிரம் அணைக்க நேரிடும். எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

உங்களை நாட்டிலேயே மோசமானவர்கள் என்று நான் எண்ணுவதாக நினைக்க வேண்டாம். சுன்சொனில் 2022 மே 5, குழந்தைகள் தினத்தன்று, லெகோலேண்ட் பூங்கா திறந்தது. அந்தத் திட்டத்துக்காக மாகாணம் அமைத்த மேம்பாட்டு நிறுவனம் வாங்கிய 20,500 கோடி வொன் கடனுக்கு மாகாணமே உத்தரவாதம் கொடுத்திருந்தது. அந்த இலையுதிர் காலத்தில் மாகாண ஆளுநர் அந்த நிறுவனத்தை நீதிமன்ற மறுசீரமைப்புக்கு அனுப்பப்போவதாக அறிவிக்க, நாட்டின் பத்திரச் சந்தையே உறைந்தது. அரசு 50 லட்சம் கோடி வொன்னுக்கு மேல் ஆதரவு அறிவித்துத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. அதோடு ஒப்பிட்டால் நீங்கள் கெடுத்தது ஒரு வியாழக்கிழமையை மட்டும். சியோலின் யோங்மா லேண்ட் பூங்கா 2011இல் மூடிவிட்டது. துருப்பிடித்த ராட்டினங்களின் நடுவே படம் எடுக்க இன்றும் ஆட்கள் காசு கொடுத்து உள்ளே போகிறார்கள், பாடல் காணொளிகூட அங்கே எடுத்திருக்கிறார்கள். எதுவும் ஓடாது என்று வாசலிலேயே எல்லாருக்கும் தெரியும். அந்த நேர்மைக்கு ஒரு விலை இருக்கிறது. நீங்களும் முயன்று பார்க்கலாம்.

நீங்கள் எங்களைக் கண்டுகொள்ளாததற்குக் கணக்கு ரீதியாக ஒரு நியாயம் இருப்பதும் எனக்குப் புரிகிறது. 2023இல் இந்த நாட்டின் கருவள விகிதம் 0.72. அடுத்த ஆண்டு 0.75 ஆனதற்கே நாளிதழ்கள் மகிழ்ந்தன. குழந்தைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். சீருடை வாடகைக்கு எடுக்கும் பெரியவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். குழுச் சீட்டில் வரும் பிள்ளையிடம் லாபம் குறைவு. ஆனால் ஒன்று யோசித்தீர்களா? இருபத்தைந்து வயதில் சீருடை மாட்டிக்கொண்டு பூங்காவுக்கு வருகிறவர்கள், பதினான்கு வயதில் அங்கே ஒரு நல்ல நாளைக் கழித்தவர்கள். எங்கள் பிள்ளைகள் பதினோரு ஆண்டு கழித்து எதை நினைத்துச் சீருடை வாடகைக்கு எடுப்பார்கள்? ஓய்விடத்தில் உருளைக்கிழங்கு தின்னத்தான் போவார்கள்.

எங்கள் பள்ளி வரும் அக்டோபருக்கும் உங்களிடமே முன்பதிவு செய்துவிட்டதாகக் கேள்வி. வழக்கம்போல நான்தான் கடைசியில் கேள்விப்பட்டேன். ஆகவே சில விண்ணப்பங்கள். எந்தெந்த ராட்டினம் ஓடாது என்பதைப் பணம் வாங்குமுன் சொல்லுங்கள். முன்னோட்டமாக வந்து பார்க்கும் வகுப்பாசிரியையிடம் சொன்னால் போதும், அவர் கோப்பில் எழுதிக்கொள்வார். பள்ளிகள் வரும் நாட்களில் மதியம் வரைக்குமாவது வலது தடுப்பை மூடிவையுங்கள். தலை எண்ணுவதற்கு உங்கள் ஊழியர் ஒருவரைத் துணைக்கு விடுங்கள். ஆசிரியை ஓர் அரை மணி நேரம் உட்கார்ந்து கிம்பாப் சாப்பிடட்டும், விருப்பமிருந்தால் குதிரை ராட்டினத்தில் ஏறட்டும். கரடியின் காதைத் தைக்க நூல், ஊசி எங்கள் மனையியல் வகுப்பிலிருந்து அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
குழுச் சீட்டில் வந்தவர்களில் ஒருத்தி.

பி.கு.: அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் எங்களுக்கு இரண்டு டொன்காட்ஸு கூடுதலாக வந்திருக்கிறது. அவற்றைச் சாப்பிட்டவர்கள் தாடிக்காரரும் அவர் காதலியும். எண்ணிக்கையில் சேர்த்துவிட்டோம் என்பதற்காக வகுப்பாசிரியையே கூப்பன் கொடுத்துவிட்டார். அவர்கள் நன்றாக இருந்தது என்றார்களாம். அந்தப் பாராட்டை நீங்கள் வைத்துக்கொண்டு, இரண்டு சாப்பாட்டுக்கான பணத்தைப் பள்ளிக் கணக்கில் கழித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.